பழந்திரை நிழற்படங்களைச் சான்றாகக் கொள்ளுதல்: ‘பிலிம் நியூஸ்’ ஆனந்தன் சேகரிப்பை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

தொடக்ககாலத் தமிழ்த் திரைப்படங்களுள் பலவற்றின் படச்சுருள் இன்று கிடைப்பதில்லை. அவற்றைப் பற்றி எழுதுவோர் பாட்டுப் புத்தகம், விளம்பரத் தாள், நட்சத்திரங்களின் நிழற்படம் ஆகியவற்றையே நம்ப வேண்டியுள்ளது. இவற்றுள் மிகுதியாக எடுத்தாளப்படுவதும் மிகக் குறைவாக வினவப்படுவதும் நிழற்படமே. நட்சத்திர நிழற்படம் திரைப்படத்தின் ஒரு துண்டு அன்று. விளம்பரத் தேவைக்காகத் தனிக் கருவியால், தனி ஒருவரால் எடுக்கப்பட்ட வேறோர் ஆக்கம். அதனைச் சேகரித்தவரின் தொழிலும் விருப்பமும் அது இன்று நமக்குத் தரும் பொருளில் கலந்துள்ளன. இவ்விரண்டையும் தமிழ்த் திரைப்பட ஆய்வு கருத்தில் கொள்ளாமையால் நேரும் பிழைகளை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: நிழற்படம், ஸ்டில், சேகரிப்பு, ‘பிலிம் நியூஸ்’ ஆனந்தன், ரோஜா முத்தையா, பாட்டுப் புத்தகம், சான்றுத் திறனாய்வு.

முன்னுரை

ஆரணியில் பழைய தாள் வாங்கி விற்கும் கடையொன்றில் கட்டுரையாளருக்கு ஒரு நிழற்படம் கிடைத்தது. பட்டுத்தறி இருந்த வீடொன்றைக் காலி செய்தபோது வந்த கட்டில் அது கிடந்ததாகக் கடைக்காரர் கூறினார். கறுப்பு வெள்ளைப் படம். உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரியது. நாற்காலியின் முதுகில் கைவைத்து ஒரு நடிகை நிற்கிறார். ஒளி இடப்பக்கத்திலிருந்து விழுகிறது. பின்னால் தீட்டிய திரை. நான்கு மூலைகளிலும் குண்டூசித் துளைகள், ஒரு துளையைச் சுற்றித் துரு. பின்புறம் பென்சிலால் எழுதிய ஓர் எண், பாதி அழிந்த ஒரு முத்திரை. காட்டிய இடமெல்லாம் நடிகையின் பெயரை உடனே சொன்னார்கள். ஆனால் மூவர் மூன்று பெயர்களைச் சொன்னார்கள். எந்தத் திரைப்படம் என்று ஒருவராலும் சொல்ல இயலவில்லை.

இப்படம் எதற்குச் சான்று? நடிகைக்கா, பெயர் தெரியாத திரைப்படத்திற்கா, அதனை எடுத்தவருக்கா, அன்றி அதனைச் சுவரில் குத்தி வைத்திருந்த வீட்டிற்கா?

வந்தவாசியை அடுத்த தெள்ளாரில் வாழும் ஒருவருக்கு இத்தகைய வினா புதியதன்று. ஒன்பதாம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மன் ‘தெள்ளாறெறிந்த’ என்னும் அடையோடு அறியப்படுகிறான். அவ்வெற்றியைக் கல்வெட்டுகளும் குறிக்கின்றன, நந்திக்கலம்பகமும் பாடுகிறது. ஆயினும் கலம்பகத்தின் போர் வருணனையைப் போர்க்களத்து நேரடிக் குறிப்பாக எந்த வரலாற்றாய்வாளரும் கொள்வதில்லை. புகழ்தற்பொருட்டு எழுந்த இலக்கியம் என்பதை முதலில் உணர்ந்து, பின்னரே அதிலிருந்து செய்தியைப் பிரித்தெடுக்கிறார். பழந்தமிழ்ச் சான்றுகளுக்கு நாம் காட்டும் இவ்விழிப்பு, எழுபது எண்பது ஆண்டுப் பழமையுடைய ஒரு விளம்பரப் படத்தின் முன் ஏனோ தளர்ந்துவிடுகிறது. கண்ணால் காண்பது பொய்யாகாது என்னும் நம்பிக்கை ஆய்வாளரையும் விட்டபாடில்லை.

ஸ்டில்லும் சட்டகமும்

திரைப்படத் தொழிலில் ‘ஸ்டில்’ எனப்படுவது ஓடும் படச்சுருளிலிருந்து வெட்டியெடுத்த சட்டகம் அன்று. அதற்குத் தொழில்நுட்பக் காரணம் உண்டு. 35 மி.மீ. சுருளில் ஒரு சட்டகத்தின் பரப்பு அஞ்சல் தலையினும் சிறியது. அதனைப் பெருக்கினால் மணல் தூவியது போலாகும். நொடிக்கு 24 சட்டகம் ஓடும் கருவியில் ஒவ்வொரு சட்டகமும் ஒளி பெறும் நேரம் ஏறத்தாழ 1/48 நொடி. கையசைத்தால் கை மங்கிவிடும். இதழில் பிளாக் செய்து அச்சிடுவதற்கு இப்படம் உதவாது. ஆகவே தனி ஒளிப்படக்காரர் ஒருவர், அளவிற் பெரிய நெகட்டிவ் கொண்ட தம் கருவியோடு தளத்தில் நின்றார். இயக்குநர் காட்சி முடிந்தது என்ற பின் நடிகர்கள் அதே இடத்தில் மீண்டும் நின்றனர். அவருக்காகச் சற்று அசையாதிருந்தனர். சில வேளைகளில் ஒளியமைப்பு மாற்றப்பட்டது. முகங்கள் நெருக்கமாயின. திரையில் ஒருவரையொருவர் நோக்கியவர்கள் இங்கே நம்மை நோக்கினர்.

எனவே காட்சியின் பெயரால் வழங்கும் நிழற்படத்தில் இருப்பது காட்சி முடிந்தபின் நடந்த வேறொரு நடிப்பு. இரட்டை வேடப் படங்களில் இஃது இன்னும் தெளிவாகும். திரையில் இருவரையும் சேர்த்துக் காட்ட ஒளிப்பதிவாளர் கருவியின் ஒரு பாதியை மறைத்து இருமுறை பதிவு செய்தார். நிழற்படக்காரரோ அதே பொருத்தத்தை இருட்டறையில் தனியாகச் செய்தாக வேண்டும். 1958இல் வெளிவந்த ‘நாடோடி மன்னன்’ ஒரு பகுதி கறுப்பு வெள்ளையிலும் பிற்பகுதி வண்ணத்திலும் அமைந்தது. இதழ்களில் அச்சான அதன் படங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையே. அவற்றை மட்டும் கண்டவருக்கு அப்படத்தின் வண்ணப் பகுதி இல்லாததாகிறது. இன்று கணினியால் வண்ணமேற்றிய படிகள் இதற்கு நேர்மாறான மயக்கத்தை உண்டாக்குகின்றன. கறுப்பு வெள்ளைப் பகுதிக்கும் இல்லாத வண்ணத்தை அவை வழங்குகின்றன.

ரோலான் பார்த் 1970இல் எழுதிய ‘மூன்றாம் பொருள்’ என்னும் கட்டுரை தமிழ்த் திரைப்பட ஆய்வுகளில் மேற்கோளாக வருவதுண்டு. திரைப்படத்தின் தனித்தன்மையை அசையாப் படத்திலேயே காண இயலும் என்னும் அவர் கருத்தை எடுத்துக்காட்டி, அதன்கீழ் விளம்பர நிழற்படங்களை ஆராய்வது பொருந்தாது. ஐசன்ஸ்டைனின் படங்களிலிருந்து அவர் எடுத்துக்கொண்டவை சுருளின் சட்டகங்கள். அவர் வாதம் முழுவதும் அச்சட்டகம் ஓட்டத்திலிருந்து பிரிந்தது என்பதில் நிற்கிறது. ஸ்டில் எந்த ஓட்டத்திலிருந்தும் பிரிந்ததன்று. அதற்கு நெருங்கிய உறவு சின்டி ஷெர்மன் 1977 முதல் 1980 வரை எடுத்த ‘தலைப்பிடாத திரை நிழற்படங்கள்’ வரிசையோடுதான். எந்தத் திரைப்படத்திற்கும் உரியன அல்லாத அப்படங்களைப் பார்ப்போர், இதை எங்கோ திரையில் பார்த்திருக்கிறோம் என்றே எண்ணுகின்றனர். ஆரணிப் படத்தைக் கண்டு மூன்று பெயர் சொன்னவர்களுக்கு நேர்ந்ததும் அதுவே.

இழந்த படங்களும் எஞ்சிய தாள்களும்

இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி ஆகாமைக்குக் காரணம், ஒப்பிட்டுப் பார்க்கப் பல படங்கள் இல்லாமைதான். நடராஜ முதலியார் எடுத்த ‘கீசக வதம்’ இல்லை. 1931 அக்டோபர் 31 அன்று சென்னையில் வெளியான, டி.பி. ராஜலட்சுமி நடித்த ‘காளிதாஸ்’ இல்லை. தென்னிந்தியப் பேசாப் படங்களுள் முழுமையாக எஞ்சியிருப்பது மலையாள நாட்டு ‘மார்த்தாண்ட வர்மா’ ஒன்றே. அதுவும் நாவலின் பதிப்புரிமை குறித்த வழக்கால் முடக்கப்பட்டுக் கிடந்தமையால் பிழைத்தது. நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பற்றும். தீப்பற்றாதவை வெள்ளிக்காக உருக்கப்பட்டன. நிழற்படத் தாளில் உள்ள வெள்ளியோ எவரையும் ஆசைகாட்டும் அளவினதன்று. அதனால் அது பெட்டியடியில் தங்கியது.

ஆகவே ‘காளிதாஸ்’ பற்றிய கட்டுரையில் ராஜலட்சுமியின் நிழற்படம் ஒன்று இடம்பெறும்போது, அது அப்படத்திற்குரியதா, வேறு படத்திற்குரியதா, நாடக மேடைக்குரியதா, ஒளிப்பட நிலையத்தில் எடுத்த தனிப்படமா என்னும் நான்கு வினாக்களுக்கும் விடை வேண்டும். பெரும்பாலான ஆய்வேடுகளில் இவற்றுக்கான இடத்தில் ‘படம்: இணையம்’ என்னும் இரு சொற்களே காணப்படுகின்றன. ஓலைச்சுவடியை மேற்கோள் காட்டி ‘நன்றி: ஓலை’ என்று எழுத எந்த நெறியாளரும் உடன்பட மாட்டார்.

ஒப்பிட இயலும் இடமும் உண்டு. கல்கியின் ‘தியாகபூமி’ ஆனந்த விகடனில் 1938–39இல் தொடராக வந்தபோது, ஓவியங்களுக்கு மாற்றாக, கே. சுப்ரமணியம் இயக்கிய திரைப்படத்தின் நிழற்படங்களே கதையோடு அச்சிடப்பட்டன. பாபநாசம் சிவனும் எஸ்.டி. சுப்புலட்சுமியும் பேபி சரோஜாவும் வாசகர்க்கு முதலில் அறிமுகமானது திரையில் அன்று, வார இதழின் பக்கத்தில். பின்னர் ஆங்கிலேய அரசு அப்படத்தைத் தடைசெய்தது. தொடரின் பக்கங்களோ பைண்டு செய்யப்பட்டு வீடுகளில் இருந்தன. திரைப்படத்தின் படியும் எஞ்சியுள்ளது. நாவலின் வாசகம், இதழில் வந்த நிழற்படம், திரையின் சட்டகம் ஆகிய மூன்றையும் பக்கம்பக்கமாக வைத்து நோக்கும் வாய்ப்பு தொடக்ககாலத் தமிழ்த் திரையில் இவ்வளவு நிறைவாக வேறெங்கும் அமைவது அரிது. ஒரு முனைவர் பட்ட ஆய்வுக்கே இதில் இடமுண்டு. அதில் முதலில் காண வேண்டியது, இதழாசிரியர் எந்தக் காட்சிகளை விட்டுவிட்டார் என்பதே.

பாட்டுப் புத்தகங்களிலும் நிழற்படங்கள் உண்டு. ஆயின் கதைச்சுருக்கத்தைப் பாதியில் நிறுத்தி மீதியை வெள்ளித்திரையில் காணுமாறு அழைக்கும் அந்நூல்களில், படங்களும் அவ்வழைப்பின் பகுதியே. முடிவைக் காட்டும் படத்தை அவற்றில் எதிர்பார்த்தல் கூடாது. இதனைக் கருதாமல், எஞ்சிய படங்களைக் கொண்டு இழந்த படத்தின் கதைப்போக்கை மீட்டமைப்போர் பெரும்பாலும் முதற்பாதியையே மீட்டமைக்கின்றனர்.

விநியோகித்தவரே சேகரித்தவர்

தமிழ்த் திரைச் சேகரிப்பாளர்களுள் முதலில் சொல்லத்தக்கவர் ‘பிலிம் நியூஸ்’ ஆனந்தன். 2016 மார்ச் 21 அன்று மறைந்த இவர் ஒளிப்படக்காரராகத் தொடங்கியவர். ‘பிலிம் நியூஸ்’ என்னும் இதழில் இவர் எடுத்த படங்கள் வெளிவந்தமையால் அவ்விதழின் பெயரே இவர் பெயரின் முன்னொட்டாயிற்று. ‘நாடோடி மன்னன்’ தயாரிப்பின்போது அதன் நிழற்படங்களைப் பத்திரிகை அலுவலகங்களுக்குக் கொண்டு சேர்க்கும் பொறுப்பை ஏற்றார். தமிழ்த் திரையுலகின் முதல் மக்கள் தொடர்பாளர் என்னும் பெயர் அவ்வகையில் வந்தது. அதன்பின் பல்லாண்டுகள் அவர் கைவழியே எண்ணற்ற படங்கள் இதழ்களுக்குச் சென்றன. கொடுத்ததில் ஒரு படியைத் தமக்கென வைத்துக்கொண்டார். வெளியான படங்களின் பெயர்களையும் விவரங்களையும் குறித்து வந்தார். இச்சேகரிப்பைத் தமிழ்நாடு அரசு பெற்றுக்கொண்டது. 2004இல் ‘சாதனைகள் படைத்த தமிழ்த் திரைப்பட வரலாறு’ நூலாக வெளிவந்தது.

இவர் இல்லையேல் தமிழ்த் திரை வரலாற்றின் பல பக்கங்கள் வெறுமையாகவே இருந்திருக்கும். இதனை முழு மனத்தோடு ஏற்றுக்கொண்டே இச்சேகரிப்பின் இயல்பை ஆராய வேண்டும். தொழிலால் இவர் படங்களின் விநியோகிப்பாளர். அவரிடம் தங்கியவை தயாரிப்பாளரும் நட்சத்திரமும் வெளியிட இசைந்த படங்கள். வேண்டாமென்று விலக்கியவை, கண் மூடியவை, ஒப்பனை கலைந்தவை, துணை நடிகர் முன்னால் நின்று நாயகனை மறைத்தவை இவ்வாயிலைக் கடந்திருக்க வாய்ப்புக் குறைவு. தளத்தின் உழைப்பு, விளக்குத் தாங்கியவர்கள், நடனக் குழுவின் பின்வரிசை ஆகியவற்றைத் தேடுபவர் இவ்வகைச் சேகரிப்பில் அவற்றைக் காணாமை கொண்டு, அன்றைய ஒளிப்படக்காரர்கள் அவற்றை எடுக்கவே இல்லை என்று முடிவு செய்தல் பிழை. அவை எடுக்கப்பட்டும் பொறுக்கப்படாமற் போயிருக்கலாம்.

மற்றொன்று, ஆனந்தனின் நூலுக்கு அடிப்படை அலகு திரைப்படம், நிழற்படம் அன்று. எந்த ஆண்டு, எந்தப் படம், யார் நடித்தார் என்பனவே அவர் தேடிய விவரங்கள். ஒரு மக்கள் தொடர்பாளர் நாள்தோறும் எதிர்கொள்ளும் வினாக்களும் இவையே. இந்நிழற்படத்தை எடுத்தவர் யார், எந்நாளில், தளத்திலா ஒளிப்பட நிலையத்திலா என்பன அவ்வினாக்களுள் அடங்கா. தாமே ஒளிப்படக்காரராக இருந்தவரின் சேகரிப்பிலிருந்து ஒளிப்படக்காரர்களின் வரலாறு எழாமற் போனது வருத்தத்திற்குரியது. ஆயினும் பிழை அவருடையதன்று. அவர் வாழ்ந்த காலத்தில் அவரிடம் சென்ற ஆய்வாளர்களும் நிருபர்களும் திரைப்படத்தின் விவரத்தையே கேட்டனர். தாளைத் திருப்பிப் பின்புறத்தைக் கேட்டவர் அரியர்.

இவ்விடத்தில் ஜான் கோபலை நினைத்தல் பயன்தரும். 1940 முதல் 1991 வரை வாழ்ந்த இவர் ஹாலிவுட் ஸ்டூடியோக்கள் பயனற்றவை எனக் கழித்த நட்சத்திர நிழற்படங்களையும் நெகட்டிவ்களையும் பெருமளவில் காத்தவர். ரசிகராகத் தொடங்கிய இவரது சேகரிப்பு ஒரு கட்டத்தில் திசை மாறியது. படத்திலிருந்த முகங்களை விட்டு, அம்முகங்களுக்கு ஒளியமைத்த ஜார்ஜ் ஹரல், கிளாரன்ஸ் சின்கிளேர் புல் முதலியோரைத் தேடிச் சென்று உரையாடினார். 1980இல் வந்த அவரது நூல் அவர்களைக் கலைஞர்களாக நிலைநாட்டியது. அருங்காட்சியகங்கள் பின்னர் அப்படங்களை எடுத்தவர் பெயரோடு தொங்கவிட்டன. கோபல் ஆனந்தனைவிடப் பெரிய சேகரிப்பாளர் என்பது இதன் கருத்தன்று. ஆனந்தனுக்கு இருந்த தொழிற்பொறுப்பு கோபலுக்கு இல்லை. ஆனந்தன் அறிந்திருந்த தளத்தின் உள்விவரம் கோபலுக்கு வாய்க்கவில்லை. கேட்கப்பட்ட வினா வேறு என்பதே கருத்து. தமிழில் அவ்வினாவைக் கேட்க வேண்டிய தலைமுறை கடந்து கொண்டிருக்கிறது. 1950, 60களில் தளத்தில் நிழற்படமெடுத்தோருள் இன்று உரையாடக்கூடியவர் மிகச் சிலரே இருக்க முடியும்.

வேறு இரு சேகரிப்புகள்

கோட்டையூர் ரோஜா முத்தையாவின் வழி வேறு. நூல்களோடு பாட்டுப் புத்தகம், நாடக அறிவிப்பு, திருமண அழைப்பு, துண்டுத்தாள் என எதையும் கழிக்காமல் வைத்திருந்தார். 1992இல் அவர் மறைந்தபின் 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் அச்சேகரிப்பைப் பெற்றது. அது சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக வளர்ந்தது. அங்கே ஒரு நட்சத்திரத்தின் படம் தான் அச்சான தாளோடு, அருகிலிருந்த சோப்பு விளம்பரத்தோடு கிடைக்கிறது. சூழலிலிருந்து பிடுங்கப்படாத சான்று அது. தனி நிழற்படத்தின் அழகு அதில் இல்லை. பிளாக்கின் புள்ளிகள் முகத்தைத் தின்றிருக்கும். எனினும் ஆய்வாளருக்கு அதன் பயன் மிகுதி என்பதே கட்டுரையாளர் துணிபு. தியடோர் பாஸ்கரன் 1981இலும் 1996இலும் வெளியிட்ட ஆங்கில நூல்கள் தமிழ்த் திரைப்பட ஆய்வுக்கு அடித்தளமிட்டமைக்கு, இத்தகைய அச்சுச் சான்றுகளைத் தாள்தாளாகப் படித்த உழைப்பே காரணம்.

மூன்றாவது, சேகரிப்பென எவரும் கருதாத சேகரிப்பு. ஜெமினி ஸ்டூடியோவில் பணியாற்றிய அசோகமித்திரனின் வேலைகளுள் ஒன்று, செய்தித்தாள்களிலிருந்து துணுக்குகளை வெட்டிக் கோப்பில் சேர்ப்பது. அவ்வேலையைப் பிறர் வேலையாகவே மதிக்கவில்லை என்பதை அவர் நகைச்சுவையோடு எழுதியுள்ளார். ஸ்டூடியோக்கள் தம்மைப் பற்றிய தாள்களைத் தாமே சேர்த்தன என்பதும், ஸ்டூடியோ மூடியபோது அக்கோப்புகள் சிதறின என்பதும் இங்குக் கருதத்தக்கன. ‘கரைந்த நிழல்கள்’ எழுதிய கை கத்தரிக்கோலும் பிடித்திருந்தது.

சுவரும் பெட்டியும்

நட்சத்திர நிழற்படத்தின் வாழ்வு சேகரிப்பாளரிடம் முடிவதில்லை. சென்னையின் பேனர் ஓவியர்கள் ஸ்டில்லின்மேல் கட்டங்கள் வரைந்து, அவற்றைப் பல அடி உயரத்திற்குப் பெருக்கித் தீட்டினர். பிரமிந்தா ஜேக்கபின் 2009ஆம் ஆண்டு நூல் இவ்வுலகை விரிவாக ஆராய்கிறது. எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் எம்.ஜி.ஆர். பிம்பத்தைப் பற்றி எழுதியதும் இவ்விடத்திற்கு உரியது. சவுக்கோடு நிற்பவர், தாயை வணங்குபவர், உழைப்பாளி உடையணிந்தவர் என்னும் நிலைகள் திரையில் சில நொடிகளே நீடிப்பன. அவை நிலைபெற்றது அசையாப் படத்தில். சலூன் கண்ணாடியின் மேலும், தேநீர்க் கடையிலும், தறிவீட்டுச் சுவரிலும். பாண்டியனின் வாதம் கதைகளையும் பாடல்களையும் பெரிதும் சார்ந்துள்ளது. நிழற்படத்தின் பங்கை அதனோடு சேர்த்தால் அவ்வாதம் வலுப்பெறும் என்றே தோன்றுகிறது.

சேகரிப்பாளரும் ரசிகரும் இங்கு வேறுபடுகின்றனர். சேகரிப்பாளர் படத்தைப் பெட்டியில் வைக்கிறார். ரசிகர் சுவரில் குத்துகிறார். சந்தை விலை பெட்டிப்படத்திற்கே உண்டு. துளையும் துருவும் விலையைக் குறைக்கும். சமூக வரலாற்றாய்வாளருக்கு மதிப்பு நேர்மாறாக அமைய வேண்டும். நெய்தல் தொழிலில் நாளெல்லாம் ஒரே இடத்தில் அமர்ந்திருப்பவரின் கண்ணுக்கு எதிரே பல ஆண்டுகள் இருந்த முகம் ஒன்றுக்கு, புதுக்கருக்குக் கெடாத பத்துப் படிகளும் ஈடாகா. ஆனால் படத்தைக் கணினியில் ஏற்றுவோர் முதலில் செய்வது மூலைகளை வெட்டுவதும் துளைகளை மறைப்பதுமே. பின்புறத்தை ஏற்றுவார் இலர்.

ஆரணிப் படத்தின் பின்புற முத்திரையைச் சாய்வொளியில் வைத்துப் பார்த்தபோது ‘ஸ்டூடியோ’ என்னும் சொல்லின் பிற்பகுதி மட்டும் தெரிந்தது. அது திரைப்பட ஸ்டூடியோவா ஒளிப்பட நிலையமா என்பது அதனால் துணியப்படவில்லை. பென்சில் எண் 4 என்று முடிகிறது. வரிசைப்படம் ஒன்றின் நான்காவதாகவோ, ஓர் இதழ் அலுவலகத்தின் பிளாக் எண்ணாகவோ இருக்கலாம். இருபுறத்தையும் துளைகளோடு படியெடுத்து, கிடைத்த இடம், கிடைத்த நாள், கடைக்காரரின் கூற்று ஆகியவற்றைக் குறித்துள்ளேன். நடிகையின் பெயருக்குரிய இடத்தில் மூவர் சொன்ன மூன்று பெயர்களும், ஒவ்வொன்றுக்கும் எதிரே அதைச் சொன்னவரின் வயதும் தொழிலும் உள்ளன. திரைப்படத்தின் பெயருக்குரிய கட்டம் காலியாக இருக்கிறது.